பட்டியலுக்குள் யார்? பல்கலைக்கழகங்களும் திட்ட மேலாண்மை ஆலோசகர்களும்

இந்தியாவில் பல பல்கலைக்கழகங்களின் பொறியியல் பிரிவு என்பது பராமரிப்புக்காக அமைந்த எஸ்டேட் அலுவலகம்தான். ஒழுகும் கூரை, பழுதான மோட்டார், விடுதிக் கழிவறை, ஆண்டுக்கொரு வெள்ளையடிப்பு என்று அதன் வேலை நிரம்பி வழிகிறது. அப்படிப்பட்ட நிறுவனம் 100 கோடி ரூபாயில் ஆய்வகக் கட்டடம் கட்டப் புறப்படும்போது, தன் சார்பில் நின்று மதிப்பீடு போட, டெண்டர் ஆவணம் எழுத, ஒப்பந்ததாரரின் பில்லைச் சரிபார்க்க, வேலை தரமாக நடக்கிறதா என்று தினமும் பார்க்க வெளியிலிருந்து ஒருவரை அமர்த்த வேண்டியிருக்கிறது. அவர்தான் திட்ட மேலாண்மை ஆலோசகர்; அலுவலக வழக்கில் பிஎம்சி. 2017இல் கல்வி அமைச்சகமும் கனரா வங்கியும் சேர்ந்து, கடன் கொடுக்கும் உயர்கல்வி நிதியளிப்பு முகமையைத் தொடங்கிய பிறகு இந்தத் தேவை கூடியது. 2018-19 மத்திய பட்ஜெட், நான்காண்டுகளில் உயர்கல்வி உள்ளிட்ட கட்டமைப்புகளுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று இலக்கு வைத்தது. மானியமாக வந்த பணம் தாமதமானால் கணக்குத் தணிக்கையில் ஒரு பத்தியோடு போய்விடும். கடனாக வாங்கிய பணத்தில் கட்டடம் தாமதமானால், மாணவர் குடியேறாத விடுதிக்கும் தவணை கட்ட வேண்டிவரும். ஆகவே யாரை அந்த இடத்தில் நிறுத்துவது என்ற கேள்வி நேராக நிதிக் கேள்வியாகிவிட்டது.

அதற்குப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்திருக்கும் விடை, எம்பேனல்மென்ட் என்று வழங்கும் அங்கீகரிக்கப்பட்டோர் பட்டியல். விளம்பரம் வரும்; தகுதி நிபந்தனைகள் இருக்கும்; விண்ணப்பங்களைக் குழு பரிசீலிக்கும்; தேறியவர்களின் பெயர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பட்டியலில் நிற்கும். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அவர்களிடம் மட்டும் விலை கேட்கப்படும். விண்ணப்பிப்பவரின் கோப்பைப் புரட்டினால் நடைமுறையின் குணம் தெரிந்துவிடும். பான், ஜிஎஸ்டி, உத்யம், வருங்கால வைப்பு நிதிப் பதிவுகள், பட்டயக் கணக்காளர் சான்றளித்த மூன்றாண்டு விற்றுமுதல், வங்கியின் கடன்தீர்வுத் திறன் சான்று, எந்தத் துறையும் தங்களைக் கறுப்புப் பட்டியலில் வைக்கவில்லை என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி, பணி நிறைவுச் சான்றிதழ்கள். தனியார் கல்லூரி அறக்கட்டளைக்குச் செய்த வேலை என்றால் சான்றிதழோடு வருமான வரிப் பிடித்தம் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் பல இடங்களில் கேட்கிறார்கள். சான்றிதழை யாரும் எழுதிக் கொடுத்துவிடலாம், வரிப் பிடித்தத்தை அப்படிச் செய்ய முடியாது என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் இத்தனை தாள்களும் சேர்ந்து சொல்வது இந்த நிறுவனம் இருக்கிறது, வரி கட்டுகிறது, முன்பு ஏதோ செய்திருக்கிறது என்பதை மட்டுமே. நாளை சாரத்தின் மேல் ஏறிக் கம்பி கட்டியிருப்பதை எண்ணிப் பார்க்கப் போகிறவர் யார் என்பதை இவற்றில் ஒன்றுகூடச் சொல்வதில்லை.

என் வாதம் இதுதான்: பல்கலைக்கழகங்கள் பட்டியலின் வாசலில் மிகக் கடுமையாக நிற்கின்றன, உள்ளே வந்தவரைப் பிறகு கவனிப்பதே இல்லை. வாசலைத் தளர்த்தி, உள்ளே நீடிப்பதைக் கடினமாக்கினால்தான் பட்டியலால் பயன் உண்டு. இதற்கான சான்றுகளை நடைமுறையில் உள்ள விதிகளிலிருந்தே எடுக்கலாம்.

முதலில் வாசல். தகுதி நிபந்தனைகளில் திரும்பத் திரும்ப வரும் எண்கள் 40, 50, 80. கடந்த 7 ஆண்டுகளில் மதிப்பீட்டுத் தொகையில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மூன்று ஒத்த பணிகள், அல்லது 50 விழுக்காட்டுக்குக் குறையாத இரண்டு, அல்லது 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஒன்று. அதோடு மூன்றாண்டுச் சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 விழுக்காடு. இவை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பர் 17ஆம் தேதிக் குறிப்பாணையில் சொன்னவை. தகுதி நிபந்தனைகள் ஓரிடத்தில் போட்டியையே அடைக்கும் அளவுக்கு இறுக்கமாகவும் வேறோர் இடத்தில் வரம்பே இல்லாமலும் இருப்பதைப் பார்த்துத்தான் ஆணையம் இந்த அளவுகோலைத் தந்தது. அது எழுதப்பட்டது கட்டுமான ஒப்பந்ததாரர்களை மனத்தில் வைத்து. சிமென்டும் கம்பியும் வாங்கி, கூலி கொடுத்து, பில் வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியவருக்குப் பணபலம் தேவை. அவரிடம் விற்றுமுதல் கேட்பதில் பொருளுண்டு. ஆலோசகர் சிமென்ட் வாங்குவதில்லை. அவருடைய செலவு சம்பளமும் பயணமும்தான்.

இந்த அளவுகோலை அப்படியே பெயர்த்து ஆலோசகர் விளம்பரத்தில் ஒட்டினால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டட மதிப்பு 100 கோடி, ஆலோசகர் கட்டணம் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 3 கோடி. விற்றுமுதல் நிபந்தனையைக் கட்டணத்தின் மேல் கணக்கிட்டால் ஆண்டுக்கு 90 லட்சம் போதும்; பத்துப் பதினைந்து பொறியாளர்களை வைத்து நடத்தும் நிறுவனம் எட்டிவிடும். கட்டட மதிப்பின் மேல் கணக்கிட்டாலோ ஆண்டுக்கு 30 கோடி. 3 விழுக்காட்டுக் கட்டணத்தில் 30 கோடி ஈட்ட வேண்டுமானால், அந்த நிறுவனத்தின் மேற்பார்வையில் ஆண்டுதோறும் 1,000 கோடி ரூபாய்க்குக் கட்டட வேலை நடந்திருக்க வேண்டும். ஒரே விதி, ஒரே சொற்கள். எதன்மேல் கணக்கிடுவது என்று எழுதாமல் விட்டதில் ஒரு பக்கம் சிறு நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன, மறுபக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய பெயர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. விளம்பரத்தை எழுதியவருக்கு இது தெரியாமலும் இருக்கலாம். பழைய டெண்டர் கோப்பைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றுவது எல்லா அலுவலகங்களிலும் உள்ள பழக்கம்.

சரி, வாசலைக் கடந்து வந்தவரிடமிருந்து பல்கலைக்கழகம் உண்மையில் வாங்குவது எதை? நான்கைந்து மனிதர்களின் நேரத்தையும் தீர்ப்பையும்தான். தளத்தில் தங்கும் பொறியாளர், அளவு எடுப்பவர், மின்பணிகளைப் பார்ப்பவர், ஒப்பந்த விதிகள் தெரிந்த ஒருவர், இவர்களுக்குப் பின்னால் அலுவலகத்தில் ஒரு மூத்தவர். உலக வங்கி பல ஆண்டுகள் பின்பற்றிய ஆலோசகர் தேர்வு வழிகாட்டியில் 100 மதிப்பெண்ணை எப்படிப் பிரித்திருந்தார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். நிறுவனத்தின் முன் அனுபவத்துக்கு அதிகம் போனால் 10. வேலையைச் செய்யும் முறைக்கு 20 முதல் 50. முக்கியப் பணியாளர்களின் தகுதிக்கு 30 முதல் 60. நம் பட்டியல்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. அனுபவச் சான்றிதழே நுழைவுச்சீட்டு. ஆட்களின் விவரம் பின்னிணைப்பு. வேலை கிடைத்ததும் அந்தப் பின்னிணைப்பில் இருந்த மூத்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவதும், 'சமமான அல்லது மேலான தகுதி' என்ற வாசகத்தின் கீழ் அவர்களுக்குப் பதிலாக வேறு முகங்கள் வருவதும் இத்துறையில் இருப்பவர்கள் அறிந்ததே.

இதில் விலையின் பங்கு பெரிது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன் 192ஆம் விதி, தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறையில் தரத்துக்கு 80 விழுக்காடு வரை எடை கொடுக்க அனுமதிக்கிறது. ஆனால் பட்டியலில் உள்ளவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தகுதி பெற்றவர்கள்தானே, இனி விலை ஒன்றே போதும் என்ற தர்க்கம் எளிதாக நுழைந்துவிடுகிறது. பட்டியல் இருப்பதாலேயே தரத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்றாகிறது. அதே 100 கோடி வேலையை ஒருவர் 1 விழுக்காட்டுக்கு எடுக்கிறார் என்று கொள்வோம். 24 மாத வேலைக்கு 1 கோடி. மாதம் சுமார் 4 லட்சத்து 16 ஆயிரம். இதில் அலுவலகச் செலவும் லாபமும் போக மிஞ்சுவதில் அனுபவமுள்ள தளப் பொறியாளர் ஒருவரையும் அண்மையில் படிப்பை முடித்த இருவரையும் வைக்கலாம். ஒலிவாங்கியோடு நடக்கும் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு மூத்தவர் வந்து போவார். கான்கிரீட் போடும் இரவில் அவர் இருக்க மாட்டார். குறைந்த விலைக்கு எடுத்தவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் விலைக்கேற்ற ஆட்களைத்தான் அனுப்ப முடியும்.

ஆலோசகர் நல்லவரா என்பதை அறியச் சிக்கலான அளவுகோல் தேவையில்லை. பொதுப்பணிகளில் தடைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. வேலை எந்தத் தேதியில் எதனால் நின்றது, எப்போது தொடங்கியது, அதனால் எத்தனை நாள் போனது என்பதை ஒப்பந்ததாரரும் மேற்பார்வையாளரும் அவ்வப்போது எழுதிக் கையொப்பமிட வேண்டும். வரைபடம் தாமதமாக வந்தது, மரம் வெட்ட அனுமதி கிடைக்கவில்லை, தேர்வு நடப்பதால் பதினைந்து நாள் இயந்திரம் ஓட்டக் கூடாது என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார் என்பதெல்லாம் அதில் வரும். காலநீட்டிப்பு கேட்கும்போது அபராதம் யாருக்கு என்று தீர்மானிப்பது இந்தப் பதிவேடுதான். நல்ல ஆலோசகரின் பதிவேட்டில் கையெழுத்து மாறும், மை மாறும், ஓரத்தில் மழைநீர்க் கறைகூட இருக்கும். கடைசி மாதத்தில் காலநீட்டிப்பு விண்ணப்பத்தோடு சேர்த்து ஒரே பேனாவால் எழுதி நிரப்பிய பதிவேடும் உண்டு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே சாய்வு, ஒரே நிறம். அப்படி எழுதியவர் பல்கலைக்கழகத்தின் பணத்தைப் பாதுகாக்கவில்லை, கோப்பைப் பாதுகாத்தார். இந்த வேறுபாட்டை எந்த விற்றுமுதல் சான்றும் காட்டாது. அடுத்த முறை பட்டியல் தயாரிக்கும்போது இந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கும் வழக்கமும் இல்லை. இருவருக்கும் கிடைப்பது ஒரே வாசகத்தில் எழுதிய பணி நிறைவுச் சான்றிதழ்.

இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். விதிகள் குறுக்கே நிற்கவில்லை. பொருள் வழங்குவோரின் பதிவைப் பற்றிப் பேசும் பொது நிதி விதி 150, பதிவு 1 முதல் 3 ஆண்டுகளுக்கு என்றும், நிபந்தனைகளை நிறைவேற்றும் புதியவர்களை எந்த நேரத்திலும் சேர்க்கலாம் என்றும், பதிவு பெற்றவர்களின் செயல்பாட்டையும் நடத்தையையும் கண்காணிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆலோசகர் பட்டியலுக்கும் அந்த மூன்றும் பொருந்தும். பட்டியல் போடும் அலுவலகங்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிட்டன. பிரிட்டனில் 2025 பிப்ரவரி 24இல் நடைமுறைக்கு வந்த கொள்முதல் சட்டம் 2023 இதே சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. அரசு நிதியை நம்பியிருக்கும் பல்கலைக்கழகங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. நிபந்தனை நிறைவேற்றும் யாரும் எப்போது வேண்டுமானாலும் சேரக்கூடிய இயங்குநிலைச் சந்தை என்ற ஏற்பாடு அதில் உண்டு. எட்டாண்டு வரை நீளும் திறந்த சட்டக ஒப்பந்தம் என்றால் முதல் மூன்றாண்டுக்குள் ஒரு முறையாவது கதவைத் திறந்தாக வேண்டும். 50 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் குறைந்தது மூன்று செயல்திறன் குறியீடுகளை வகுத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றின் நிலையை வெளியிட வேண்டும் என்பது பொது விதி. உள்ளே வருவது எளிது, உள்ளே இருப்பவர் செய்ததும் செய்யாததும் ஊருக்குத் தெரியும். அந்தச் சட்டம் நடைமுறையில் எப்படிப் பலனளிக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. ஆனால் திசை சரியானது.

இதற்கு வரும் முதல் மறுப்பு பதிவாளர் அறையிலிருந்து. செயல்பாட்டை மதிப்பிடுவது என்றால் யாரோ ஒருவர் மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் என்றால் விருப்பு வெறுப்பு. நாளை தணிக்கைக் கேள்வியும் தகவல் உரிமை மனுவும் நீதிமன்ற வழக்கும் வரும். விற்றுமுதல் 90 லட்சமா 89 லட்சமா என்பதில் யாரும் சண்டையிட முடியாது. இந்த அச்சம் போலியானதல்ல. கையொப்பமிட்டவர் ஓய்வு பெற்ற பிறகும் விசாரணைக்கு அலைந்த கதைகள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உலவுகின்றன. ஆனால் செயல்பாடு என்றால் 'திருப்திகரம்', 'மிக நன்று' என்று எழுதுவது மட்டுமே என்று யார் சொன்னது? ஒப்பந்ததாரர் பில் கொடுத்த நாளுக்கும் ஆலோசகர் அதைச் சரிபார்த்து அனுப்பிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்பது எண். நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபர் 29இல் வெளியிட்ட பொது அறிவுறுத்தல்கள், தகுதியான நடப்பு பில் தொகையில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் 10 வேலை நாள்களுக்குள் வழங்கச் சொல்கின்றன; ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் கையிலேயே இருக்கிறது. மதிப்பீட்டில் விடுபட்டுப் பின்னர் கூடுதலாகச் சேர்ந்த வேலைகள் எத்தனை, அவற்றின் தொகை என்ன என்பது எண். முன்மொழிவில் பெயர் கொடுத்த பணியாளர்களில் எத்தனை பேர் எத்தனை மாதம் தளத்தில் இருந்தார்கள் என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். இவை எல்லாம் ஏற்கெனவே கோப்புகளில் கிடப்பவை, தொகுப்பாரில்லாமல் கிடக்கின்றன. 90 லட்சத்தைப் போலவே இவற்றோடும் சண்டையிட முடியாது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. சிறு நிறுவனம் பாதியில் கையை விரித்துவிட்டால்? தலைமைப் பொறியாளர் ஒருவர் விலகினாலே அது ஆட்டம் கண்டுவிடும். பெரிய நிறுவனத்துக்கு மாற்று ஆள் உண்டு. பொதுத்துறை நிறுவனமானால் இன்னும் பாதுகாப்பு. மத்திய நிறுவனங்களுக்குப் பொது நிதி விதி 133(3) அந்த வழியையும் தருகிறது. கட்டுமானப் பொதுத்துறை நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைக்கலாம். என்பிசிசி, கல்வி நிறுவனப் பணிகளுக்கென்றே பெயர் பெற்ற எட்சில் போன்றவை இந்தக் களத்தில் இருக்கின்றன. தணிக்கையாளர் முன் நிற்கும் அதிகாரிக்கு இதைவிட நிம்மதி வேறில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த விதியே பொதுத்துறை நிறுவனங்களுக்கிடையே போட்டி வேண்டும் என்றும், அந்தப் போட்டி அவை கேட்கும் மொத்தச் சேவைக் கட்டணத்தின் மேல்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது மறுபடியும் விலை. பொதுத்துறை நிறுவனமும் தானே செங்கல் அடுக்குவதில்லை. டெண்டர் விட்டு ஒப்பந்ததாரரைப் பிடிக்கிறது, வடிவமைப்புக்குத் தனியார் கட்டடக் கலைஞரை அமர்த்துகிறது. இடையில் ஒரு படி கூடுகிறது. ஆய்வகத்தின் புகைபோக்கி அலமாரிக்கு எவ்வளவு காற்றோட்டம் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னது, குழாய் பதிப்பவர் காதுக்குப் போய்ச் சேர நான்கு கடிதம் தாண்ட வேண்டும். சிறு நிறுவனம் நொறுங்கும் ஆபத்துக்கு மருந்து வேலையின் அளவைப் படிகளாகப் பிரிப்பதுதான். 5 கோடி விடுதிச் சீரமைப்பைச் சரியாகச் செய்தவருக்கு 25 கோடி, அதையும் செய்தவருக்கு 100 கோடி. ஒப்பந்ததாரர்களை வகுப்பு வகுப்பாகப் பதிவு செய்யும் வழக்கம் பொதுப்பணித் துறைகளில் தலைமுறைகளாக உள்ளது. ஆலோசகருக்கு மட்டும் அது ஏன் இல்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் சட்டமே தடை என்று சொல்வார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, 10ஆவது பிரிவின் கீழ் மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் 'குறைந்தது' என்பதை, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் குறிப்பிட்ட, புறவயமான, எண்ணால் அளக்கக்கூடிய காரணிகளைக் கொண்டு கணிக்கும்படிதான் அதே பிரிவு கூறுகிறது. பில் சரிபார்த்த நாள்களும் கூடுதல் வேலைத் தொகையும் அப்படிப்பட்ட காரணிகள் ஆகலாம் என்றே நினைக்கிறேன். ஆவணம் எழுதும்போதே சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு இதைவிட ஒரு படி போய், 1972ஆம் ஆண்டின் புரூக்ஸ் சட்டத்தின்படி கட்டடக் கலைஞரையும் பொறியாளரையும் முதலில் தகுதி ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பிறகே கட்டணம் பேசுகிறது. அந்த அளவுக்கு நம் அலுவலகங்கள் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. போக வேண்டிய அவசியமும் இல்லை.

வாசலைத் திறந்துவிட்டால் விண்ணப்பம் குவியும், பரிசீலிக்க ஆளில்லை என்ற மூன்றாவது மறுப்பைச் சுருக்கமாகவே தாண்டலாம். பரிசீலனையை ஆண்டுக்கு இரு முறை என்று வைத்துக்கொண்டால் குவியாது. தாள்களின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் குவியாது.

இதற்கிடையில், இன்று உள்ள முறையிலேயே விண்ணப்பிக்க விரும்பும் சிறு நிறுவனம் காத்திருக்க முடியாது. அதற்குக் கையில் உள்ள வாய்ப்பு டெண்டருக்கு முந்தைய கூட்டம். பலர் அதற்குப் போவதில்லை; போனாலும் பின்வரிசையில் உட்கார்ந்து வருகைத்தாளில் கையொப்பமிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று. 'ஒத்த பணி' என்பதன் மதிப்பைக் கட்டட மதிப்பில் கணக்கிடுகிறீர்களா, ஆலோசகர் கட்டணத்திலா? விற்றுமுதலுக்கும் அதே அடிப்படையா? முன்மொழிவில் பெயர் கொடுத்த பொறியாளர் தளத்தில் இல்லாத மாதத்துக்குக் கட்டணத்தில் எவ்வளவு பிடிப்பீர்கள்? முதல் இரண்டு கேள்விகளும் வாசலில் நிற்பவருக்கு உதவும். மூன்றாவது, ஆளே அனுப்பாமல் 1 விழுக்காட்டுக்கு எடுக்க நினைக்கும் போட்டியாளரை யோசிக்க வைக்கும். பதில் திருத்த அறிவிப்பாக வெளிவந்துவிட்டால் அது எல்லாரையும் கட்டுப்படுத்தும், பல்கலைக்கழகத்தையும் சேர்த்து.